உஷார்! ஊர் வெளிச்சத்தை நம்பிக் கூடாரம் அடிக்காதீர்கள்

பள்ளிக்கூட விடுமுறை விட்டால் போதும், கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் என்று எல்லாத் திசையிலிருந்தும் வான்கள் திருகோணமலைக்குத் திரும்பிவிடும். முன்பெல்லாம் வருகிறவர்கள் கோணேசரைக் கும்பிட்டு, கன்னியா வெந்நீர் ஊற்றில் குளித்து, நிலாவெளியில் கால் நனைத்துவிட்டு, இரவுக்கு ஓர் அறையைத் தேடிப் போவார்கள். இப்போது வான் கூரையில் சுருட்டிய கூடாரம் கட்டியிருக்கிறது. கூடவே நிலக்கரி மூட்டை, வாட்டுகிற கம்பி வலை, ஐஸ் பெட்டி, ஸ்பீக்கர். கனடாவிலும் லண்டனிலும் இருந்து வருகிற பிள்ளைகளுக்கோ இது பழகிய விளையாட்டு. அங்கே நகரத்து ஓரத்துப் பூங்காக்களில் காசு கட்டினால் எண் போட்ட இடமும், தண்ணீர்க் குழாயும், இரவில் சுற்றி வரும் காவலரும் உண்டு. இங்கே அந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது.

ஆனாலும் பயம் வருவதில்லை. கடற்கரை மணலில் நின்று திரும்பிப் பார்த்தால் ஊர் வெளிச்சம் தெரிகிறது. போனில் சிக்னல் நிறைய இருக்கிறது. கொத்துரொட்டிக் கடை கூப்பிடு தூரத்தில். "ஊருக்குப் பக்கத்தில்தானே, என்ன வந்துவிடப் போகிறது?" என்ற இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இருட்டின பிறகு இடம் தேடுகிறார்கள், யாரையும் கேட்காமல் படுக்கிறார்கள். பாம்புக்கும் ஆனைக்கும் காற்றுக்கும் நகர எல்லை தெரியாது. திருகோணமலையில் நகரம் முடிகிற இடத்திலேயே காடும் கடலும் தொடங்கிவிடுகின்றன. தூரத்துக் காட்டுக்குப் போகிறவன் ஆயத்தத்தோடு போவான். ஊரோரத்தில் படுக்கிறவன் வெறுங்கையோடு படுக்கிறான். ஆகையால்தான் இந்த எச்சரிக்கை.

முதலில் கேளுங்கள்: இது யாருடைய காணி?

நகரத்தையும் துறைமுகத்தையும் சுற்றி நிற்கும் காட்டைப் பார்த்தால் கேட்பாரற்ற காடு போலத் தோன்றும். அப்படியல்ல. அதன் பெரும்பகுதி 1963இல் பிரகடனப்படுத்தப்பட்ட நேவல் ஹெட்வேர்க்ஸ் சரணாலயம். பரப்பு சுமார் 18,000 ஹெக்டேயர். சரணாலயத்துக்குள் தனியார் காணியும் உண்டு, அரச காணியும் உண்டு. எதுவானாலும் அங்கே விலங்கைத் தொந்தரவு செய்வதும், அரச காணியில் மரம் தறிப்பதும் குற்றம். விறகுக்கு ஒரு கிளையை வெட்டினோம் என்று சொல்லித் தப்ப முடியாது.

புறாத்தீவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்தில், நீந்தியே போய்விடலாம் என்று ஆசை காட்டும் தீவு. அதுவும் 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. பகலில் அனுமதிச்சீட்டோடு படகில் போய்த் திரும்புவதற்கு மட்டும்தான் அனுமதி. இரவு தங்க முடியாது, நெருப்பு மூட்ட முடியாது, பவளத்தில் கை வைக்க முடியாது. "எனக்குத் தெரிந்த படகுக்காரர் இருக்கிறார், இரவில் இறக்கிவிடுவார்" என்று யாராவது சொன்னால், அவர் உங்களை இறக்கிவிடுவது வழக்குக்குள். இரவில் அலை எழும்பினால் உங்களைத் திருப்பி ஏற்ற அவராலும் வர முடியாது.

மிச்ச இடங்களும் அப்படித்தான். துறைமுகத்து உட்கரைகள் பல கடற்படைக்கு உரியவை. மார்பிள் பீச் விமானப்படையின் பராமரிப்பில் இருக்கிறது. பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. சீனன்குடாவில் காடு மூடிக் கிடக்கும் இரண்டாம் உலகப்போர்க் கால எண்ணெய்த் தாங்கிகளைப் படமெடுக்க உள்ளே நுழைகிறவர்களும் உண்டு. அது சுற்றுலா இடம் அல்ல, எரிபொருள் வளாகம். நள்ளிரவில் டோர்ச் அடித்துக்கொண்டு இந்த வேலிகளுக்கு அருகே நடமாடினால், காவலுக்கு நிற்கிற ஆளுக்கு நீங்கள் சுற்றுலா வந்தவர் என்று எப்படித் தெரியும்?

கச்சான் வீசும்போது கடல் சிரிக்கும். நம்பாதீர்கள்

மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலைக் கடல் குளம் போல் கிடக்கும். விடுமுறைக்காரர்கள் திரள்கிற காலமும் அதுதான். இந்த அமைதிக்குக் காரணமே ஆபத்தாகவும் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்த சூட்டுக் காற்றாகி வருகிறது. இதைத்தான் கச்சான் என்கிறோம். கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரத்து அலையை அது அமுக்கிவிடுவதால் தண்ணீர் தட்டையாகத் தெரிகிறது. அதே காற்று மிதக்கிற எதையும் வெளியே தள்ளிக்கொண்டு போகிறது.

காற்று நிரப்பிய ரியூப்பில் ஒரு பிள்ளை படுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பளவு தண்ணீர், அம்மா கரையில். ஒரு வீச்சில் ரியூப் நாலு பாகம் நகர்கிறது. பிள்ளை சிரிக்கிறது. அடுத்த வீச்சில் கால் நிலத்தில் எட்டாது. கையால் துழாவிப் பார்த்தாலும் ரியூப் சுழலுமே தவிரக் கரைக்கு வராது. கரையிலிருந்து ஒருவர் நீந்திப் பாய்கிறார். மிதவை காற்றின் வேகத்தில் போகிறது, அவரோ கைவலிமையில் போகிறார். கரையிலிருந்து விலக விலகக் காற்றுக்கு மறைப்பு இல்லை, ஆகவே வேகம் கூடுகிறது. பிள்ளையை எட்டும்போது அவர் களைத்துவிடுவார். இனி காற்றுக்கு எதிராக இருவரும் திரும்ப வேண்டும். இதில் அலையே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

"தம்பி, கச்சான் எழும்பிட்டுது, பிள்ளையளை ஏத்துங்கோ" என்று கரைவலைக்காரர் ஒருவர் சொன்னால் வாக்குவாதம் பண்ணாதீர்கள். மெத்தை, ரியூப், பலூன் படகு எல்லாம் நீச்சல் குளத்துக்கு உரியவை. கடலில் உயிர்காப்பு அங்கி ஒன்றே மிதவை. அது படகுக்கும் பொருந்தும். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை நாம் பறிகொடுத்தோம். அது நடுக்கடல் அல்ல. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிற களப்பு. அங்கி தராத படகில், அது எவ்வளவு கிட்டத்துப் பயணமானாலும், ஏறாதீர்கள்.

தண்ணீர் உங்களை வெளியே இழுத்தால் நேராகக் கரையை நோக்கிப் போராடாதீர்கள். மல்லாந்து மிதந்து மூச்சை நிதானப்படுத்துங்கள், பிறகு கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுவையைத் தாண்டுங்கள். மது அருந்தியவர் இரவில் கடலில் இறங்குவதைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே இல்லை. அவரை இறங்க விடாதீர்கள், அவ்வளவுதான்.

நிலத்தில் படுக்கிறவரைத் தேடி வருகிற பாம்பு

நாகமும் கண்ணாடி விரியனும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கூடாரக்காரர் அஞ்ச வேண்டியது கட்டுவிரியனுக்கு. பகலில் சுருண்டு கிடக்கும் சாதுவான பாம்பு அது. இரவில் இரை தேடி ஊர்ந்து வரும்போது நிலத்தில் படுத்திருக்கிறவர் மேல் முட்டுகிறது. அவர் தூக்கத்தில் புரண்டால் கடிக்கிறது. இலங்கையின் வறண்ட வலயத்தில் கட்டுவிரியன் கடிபட்டவர்களில் பெரும்பாலோர் இரவில் தரையில் தூங்கியவர்கள்தான்.

கொடுமை என்னவென்றால் கடி வலிப்பதில்லை. பற்குறி சில வேளை கண்ணுக்கே தெரியாது. நுளம்பு கடித்தது என்று சொறிந்துவிட்டு மறுபடி தூங்குகிறவர்கள் உண்டு. விடியப்புறம் வயிற்றைப் பிசைந்து வலிக்கும். "ராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சோடா குடிக்கக் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணிமை தானாகச் சோர்ந்து விழும், எவ்வளவு முயன்றாலும் தூக்க முடியாது. பேச்சுக் குழறும். எச்சிலை விழுங்க முடியாது. அதற்குப் பிறகு மூச்சுத் தசைகள் ஓயும். வெளியில் படுத்தவருக்குக் காலையில் காரணமில்லாத வயிற்றுவலியும் இமைச் சோர்வும் வந்தால், கடித்த அடையாளத்தைத் தேடிக்கொண்டிராமல் பாம்புக்கடி என்றே எண்ணி வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், அல்லது அருகிலுள்ள பெரிய அரச வைத்தியசாலைக்கு. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வையுங்கள், மோதிரத்தையும் காப்பையும் கழற்றுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், பாம்பைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். தூரத்தில் நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் விடுங்கள். வைத்தியசாலையில் விஷமுறி மருந்து இருக்கிறது, மூச்சு நின்றால் செயற்கைச் சுவாசக் கருவியும் இருக்கிறது. கல் வைப்பதிலும் மந்திரிப்பதிலும் போகிற நேரம்தான் ஆளைக் கொல்லும்.

தடுப்பதற்குப் பெரிய செலவு இல்லை. அடித்தளம் சேர்த்துத் தைத்த, சிப் முழுதாக மூடுகிற கூடாரமாக இருக்கட்டும். வெறும் தறப்பாள் பந்தலில் படுத்தால் நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் நாலு பக்கமும் செருகிவிடுங்கள். நேபாளத்தில் நடந்த ஆய்வொன்று வலைக்குள் தூங்குகிறவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று கண்டிருக்கிறது. டெங்குவுக்கும் அதே வலைதான் காவல். 2017இல் கிண்ணியா டெங்குவால் பட்ட பாட்டை மறக்கக் கூடாது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே மத்தியானத் தூக்கத்துக்கும் வலை வேண்டும். சப்பாத்தைக் காலையில் உதறிப் போடுங்கள். இரவில் டோர்ச் இல்லாமல் ஓரடி வைக்காதீர்கள்.

காட்டுப் பக்கம் ஒதுங்குகிறவர்களுக்கு

கன்னியாவுக்கு அப்பால், மொரவெவ, கோமரங்கடவல, கந்தளாய், சேருவில, வெருகல் என்று எந்தப் பக்கம் போனாலும் ஆனைத் தடம் உண்டு. 2023ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நானூறுக்கு மேல் ஆனைகளும் நூற்றைம்பதுக்கு மேல் மனிதர்களும் இந்த மோதலில் செத்தார்கள். ஆனைக்கு மூக்குத்தான் கண். வாழைப்பழம், அரிசி, உப்பு, மாம்பழம் ஆகியவற்றைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது விருந்துக்கு அழைப்பது போன்றது. குளக்கரையில் மணல் சப்பையாகி, பக்கத்தில் பிண்டம் கிடந்தால் அது ஆனை தண்ணீர் குடிக்க வருகிற வழி. அங்கே கூடாரம் அடிக்காதீர்கள். அந்தக் குளத்தில் முதலையும் இருக்கலாம். அந்தி சாய்ந்த பிறகு தண்ணீர் ஓரத்தில் பாத்திரம் கழுவக் குந்தாதீர்கள்.

விலங்கைவிட மோசமானது மனிதன் வைத்த பொறி. பன்றிக்கும் மானுக்கும் கட்டுகிற கட்டுத்துவக்கு ஆள் பார்த்து வெடிக்காது. மிருகத் தடத்தின் குறுக்கே முழங்கால் உயரத்தில் கட்டிய நூல் இடறினால் போதும். வயல் வேலியில் களவாக மின்சாரம் பாய்ச்சிய கம்பி இருக்கும். வழியில் கிடக்கிற பழத்துக்குள்ளோ கருவாட்டுப் பொட்டலத்துக்குள்ளோ பன்றிவெடி ஒளித்து வைத்திருப்பார்கள். கீழே கிடப்பதை எடுக்காதீர்கள், கூட வருகிற நாயையும் மோப்பம் பிடிக்க விடாதீர்கள். "குறுக்கு வழி" என்று காட்டுத் தடத்தில் தனியாக இறங்காதீர்கள்.

2006இல் மாவிலாறு, மூதூர், சம்பூர்ப் பக்கங்களில் நடந்த சண்டையையும் நினைவில் வைத்திருங்கள். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் ஆண்டுக்கணக்காக உழைத்து நிலத்தைத் திருப்பித் தந்திருக்கிறார்கள். ஆனாலும் மழை மண்ணைக் கரைக்கும்போது பழைய வெடிபொருள் மேலே வருவதுண்டு. துருப்பிடித்த குழாய், உருண்டை, கம்பி நீட்டிய பிளாஸ்டிக் பெட்டி எதுவானாலும் தொடாதீர்கள், உதைக்காதீர்கள். வந்த காலடியிலேயே திரும்பி, இடத்தை நினைவில் வைத்து 119க்குச் சொல்லுங்கள்.

அடுப்பு, கரி, மீன்

மழை தூறத் தொடங்கியதும் பாதி எரிந்த கரிச்சட்டியைக் கூடாரத்துக்குள் இழுத்து வைக்கிறார்கள், "குளிருக்கும் நல்லது" என்று. இதுதான் கூடார வாழ்க்கையின் ஆகப் பெரிய முட்டாள்தனம். கனன்றுகொண்டிருக்கும் கரி காபனோரொட்சைட்டை வெளிவிடுகிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை, கண் எரிவதில்லை. தலை பாரம், தூக்கம், அவ்வளவுதான். உள்ளே படுத்தவர் எழும்ப மாட்டார். எரிவாயு அடுப்பும் அப்படியே. எஞ்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு வானுக்குள் தூங்குவதும் அப்படியே.

வெளியில் மூட்டுகிற நெருப்புக்கும் கச்சான்தான் எமன். ஓகஸ்டில் புல் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி பறந்தால் பற்றைக்காடு பிடித்துக்கொள்ளும். மணலைப் போட்டு மூடினால் நெருப்பு அணைந்ததென்று நினைக்காதீர்கள். மணலுக்கு அடியில் தணல் கிடக்கும், காலையில் வெறுங்காலோடு ஓடி வருகிற பிள்ளை அதில் மிதிக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள்.

கரையில் மீன் வாங்கி வாட்டுகிறவர்கள் தெரிந்த மீனையே வாங்குங்கள். வயிறு ஊதிய பேத்தை மீனின் நஞ்சு அவித்தாலும் பொரித்தாலும் போகாது. வலையில் சும்மா கிடைத்தது, ருசி பார்ப்போம் என்கிற விளையாட்டு வேண்டாம். ஆழமில்லாத தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடந்தால் மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். முள் குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, வைத்தியரைப் பாருங்கள்.

மிஞ்சின சோற்றையும் பொலித்தீன் பையையும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். கோட்டைப் பக்கமும் பஸ் நிலையப் பக்கமும் திரிகிற நம்முடைய புள்ளிமான்கள் சாப்பாட்டு மணம் பட்ட பொலித்தீனைத் தின்று சாகின்றன.

மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம்

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பக்கம் தண்ணீரில் மிதந்தது. அந்த மாதங்களில் கூடாரப் பேச்சே எடுக்காதீர்கள். மற்ற மாதங்களிலும் களப்பு கடலோடு சேரும் முகத்துவார மணல்மேட்டில் படுக்காதீர்கள். மேலே எங்கோ பெய்கிற மழைக்கு, இரவோடிரவாக அந்த மேடு அறுத்துக்கொண்டு போகும்.

நிலாவெளியின் கிடப்பைக் கவனித்தீர்களா? ஒரு பக்கம் கடல், பல இடங்களில் மறுபக்கம் களப்பும் உப்பளமும். ஓடுவதற்கு வழி ஒன்றிரண்டு தெருக்கள்தான். 2004 டிசம்பர் 26 அன்று இந்த மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. சுனாமி எச்சரிக்கைக் கோபுரம் ஒலிக்கட்டும் என்று காத்திராதீர்கள். நிலம் நெடுநேரம் அதிர்ந்தால், அல்லது கடல் திடீரென்று உள்வாங்கினால், சாமானை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள். எந்தத் தெருவால் ஓடுவது என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்துவிடுங்கள்.

அப்படியானால் போகவே கூடாதா?

போகலாம், முறையாகப் போங்கள். காட்டுக்குள் தங்க ஆசையென்றால் வனஜீவராசிகள் திணைக்களம் சில தேசியப் பூங்காக்களில் கூடார இடங்களை ஒதுக்கியிருக்கிறது. திணைக்களத்திடம் முன்பதிவு செய்துதான் போக வேண்டும். கடற்கரை ஆசையென்றால் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிக்காரர்களிடம் கேளுங்கள். தங்கள் வளவுக்குள் கூடாரம் போட இடம் தருகிறவர் கிடைத்தால் மதில், மலசலகூடம், தண்ணீர், ராத்திரி கூப்பிட ஓர் ஆள் எல்லாம் சேர்ந்தே கிடைக்கும். முகநூலில் படம் மட்டும் போட்டு, இடத்தின் பெயரைச் சொல்லாமல் "முற்பணம் போடுங்கள், லொக்கேஷன் பிறகு அனுப்புகிறோம்" என்கிறவரை நம்பாதீர்கள். காணி யாருடையது, அனுமதிக் கடிதம் எங்கே என்று கேளுங்கள்.

ஆறரைக்கெல்லாம் இங்கே இருட்டத் தொடங்கிவிடும். ஆகவே நாலு மணிக்கு முதலே கூடாரம் நிற்க வேண்டும். வீட்டில் ஒருவருக்கு இடத்தின் பெயர், வான் இலக்கம், திரும்பும் நேரம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். போனில் இந்த எண்களைப் பதிந்து வையுங்கள்: அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவம் 117, ஆனை வந்தால் வனஜீவராசிகள் திணைக்களம் 1992.

கடைசியாக ஒரு கணக்கு. கூடாரம் அடிக்க முதல் உங்களை நீங்களே மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் காணிக்குச் சொந்தக்காரர் யார், அவர் சரி என்றாரா? இந்த ஊர்க்காரர் ஒருவராவது "இங்கே படுக்கலாம்" என்று சொன்னாரா? நடு இரவில் ஒருவர் மயங்கி விழுந்தால் எந்த வழியால், எந்த வாகனத்தில், எவ்வளவு நேரத்தில் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்வோம்? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றால் கூடாரத்தை அவிழ்க்காதீர்கள். வானைத் திருப்புங்கள், ஒரு அறை எடுங்கள்.

பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். வைத்துக்கொள்ளட்டும்.